கணக்குக் கேட்கலாமா?

பி.காம் படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. கல்யாண வீடோ சாவு வீடோ, கடைசியில் யாராவது ஒரு நோட்டையும் பேனாவையும் கையில் திணித்து, 'நீதான் படிச்சவனாச்சே, கொஞ்சம் கூட்டிக் கொடு' என்பார்கள். கூட்டல் தெரிந்தவனுக்குத் தகராறு தீர்க்கவும் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

2024 பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படித்தான் மணவூருக்குப் போனேன். அரக்கோணம் மின்சார ரயிலில் கடம்பத்தூர் தாண்டி, திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். கல்லூரி நண்பனின் ஊர். அவர்கள் வீட்டில் சாதாரணமாகத் தமிழில் பேசுவார்கள், கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். நான் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தெலுங்கு ஓடிக்கொண்டிருந்தது.

நண்பனின் தம்பி 2014-ல் சவுதிக்குப் போனவன். தம்மாமில் எலெக்ட்ரீஷியன். 2023 கடைசியில் மொத்தமாகக் கிளம்பி வந்துவிட்டான். வந்து பார்த்தால், வீடு கீழ்த்தளத்தோடு நிற்கிறது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. பத்திரம் அப்பா பெயரில். 'ஒம்பது வருஷமா நான் அனுப்பின பணம் எங்க போச்சு?' என்பது அவன் கேள்வி.

ஒரு பிளாஸ்டிக் கவரை என் முன்னால் கொட்டினான். பணம் அனுப்பிய ரசீதுகள். தொண்ணூற்றேழு! ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் எத்தனை ரியால், அன்றைய ரேட், கட்டணம், பத்து இலக்க ரகசிய எண். 2014-ல் ஒரு ரியாலுக்கு ரூ.16 சொச்சம், 2023-ல் ரூ.22. எல்லாம் கூட்டினால் இருபத்தொன்றரை லட்சம் வந்தது. அனுப்பும் கட்டணமே முப்பதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. இது கண்ணுக்குத் தெரிந்த கட்டணம். 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் ரேட்டில் பத்துப் பைசா, இருபது பைசா குறைத்து எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கு எந்த ரசீதிலும் தனியாக வராது.

2022-ல் மட்டும் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய தொகை சுமார் 11,100 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. அதுவரை எந்த நாடும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. இந்த மகா சமுத்திரத்தில் நண்பனின் தம்பி ஊற்றியது தொண்ணூற்றேழு செம்பு.

எனக்கு வியப்பாக இருந்த விஷயம் வேறு. தம்மாம் கவுன்ட்டரிலிருந்து அரக்கோணம் கவுன்ட்டர் வரை அந்தப் பணத்தின் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு இருக்கிறது. அடையாள அட்டை, கையெழுத்து, எண், நேரம். அம்மா பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாரோ இல்லையோ, கணக்கு அங்கேயே நின்றுபோகிறது. அதன்பின் அது யார் பணம்?

பி.காம் முதல் வருடம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி, பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை. அதன்படி அம்மா கடன்காரி. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பணப் பரிமாற்ற நிறுவனங்கள் வழியாக இங்கே வரும் தொகைக்கு ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு வருடத்துக்கு முப்பது தடவை, ரொக்கமாக ரூ.50,000 வரை. முக்கியமாக, அது குடும்பப் பராமரிப்பு போன்ற சொந்தத் தேவைகளுக்கான பணம். இந்த வழியில் அனுப்பிச் சொத்து வாங்கவோ முதலீடு செய்யவோ கூடாது. அதாவது, விதிப்படி அந்தப் பணம் சாப்பிட வந்த பணம். சாப்பிட்டதற்கு யார் கணக்கு வைப்பார்கள்?

இதைச் சொன்னதும் தம்பிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். "எட்டுப் பேர் ஒரே ரூம்ல, கட்டில் மேல கட்டில் போட்டுப் படுத்தோம்ண்ணா. நான் கணக்குக் கேக்கக் கூடாதா?"

கேட்கலாம். வெளிநாட்டுப் பிள்ளையின் சம்பாத்தியத்தில் அண்ணன் பைனான்ஸ் நடத்தித் தொலைத்த குடும்பங்களும், மாமன் சீட்டு நடத்தி ஓடிப்போன குடும்பங்களும் நமக்குத் தெரியாதா என்ன? கணக்குக் கேட்பதே பாவம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கணக்குக் காட்ட முடியாதவர்கள்.

ஆனால் எப்போது கேட்பது? சேமிப்பு வேண்டும் என்றால் முதல் மாதமே தன் பெயரில் என்.ஆர்.இ. கணக்கு ஆரம்பித்து, ஒரு பகுதியை அதில் போட்டிருக்கலாம். வட்டிக்கு வரியும் கிடையாது. யாரும் அப்படிச் செய்வதில்லை. 'எங்களை நம்பலையா?' என்று வீட்டில் கேட்டுவிடுவார்களே என்ற பயம். அன்றைக்குக் காட்ட வெட்கப்பட்ட சந்தேகம், பத்து வருடம் கழித்து வட்டியோடு வந்து நிற்கிறது.

இந்தச் சண்டை உயர்நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நெய்வேலிப் பக்கம் ஒரு குடும்பம். கணவர் பல வருடம் சவுதியில் வேலை செய்து பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து, சொத்தும் வாங்கினார். திரும்பி வந்த கணவர், 'எல்லாம் என் பணம், சொத்தும் எனக்கே' என்று வழக்குப் போட்டார். அவர் காலமான பிறகும் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, குடும்பத்துக்காக வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தார். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் இவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் பங்குதான் என்பது தீர்ப்பின் சாரம். மனைவியின் இந்தப் பங்கை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லை, ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்றார். கணக்குப் படித்த எனக்கு அது பிடித்திருந்தது. ரசீது இல்லாத வரவு ஒன்று முதல் தடவையாகப் பேரேட்டில் ஏறியது போல.

அந்த வழக்கில் எனக்கு நெருடிய விஷயமும் உண்டு. இரண்டு பக்கமும் பேசியது பணத்தைப் பற்றி. அவர் அங்கே எப்படி இருந்தார், இவர் இங்கே எப்படி இருந்தார் என்பதை ஒருவருக்கொருவர் எப்போதாவது சொல்லியிருப்பார்களா?

பழைய மணியார்டர் ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள். 'நலம். அம்மாவுக்கு மருந்து வாங்கவும்' என்று நுணுக்கி நுணுக்கி எழுதுவார்கள். பணம் போய்ச் சேர்ந்ததும், வாங்கியவரின் கையெழுத்தோடு ஒரு துண்டு திரும்பி வரும். நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் வாங்கினாலும் தபால் இலாகா அந்த நாலு வரிக்குத் தனிக் காசு கேட்டதில்லை. இப்போதைய ரசீதில் அந்த இடம் இல்லை. போன் இருக்கிறதே என்பீர்கள். போனில்தான் பொய் சொல்வது சுலபம்.

மணவூருக்கு வருகிறேன். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. மாதம் 1,200 ரியால் என்று சீராகப் போன தொகை, 2017 ஆரம்பத்திலிருந்து 700-க்கு இறங்கி, ஒன்றரை வருடம் அப்படியே இருக்கிறது. "இங்க ஏன்ப்பா குறைஞ்சது?" என்று கேட்டேன்.

தம்பி பதில் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார். "அதான் நைனா நானும் கேக்கறேன். ஊர்ல ஒண்ணொண்ணு சொன்னாங்க. அங்க யாரோ பொண்ணு இருக்குதுன்னாங்க."

அவன் சிரித்துவிட்டான். பிறகுதான் வாயைத் திறந்தான். 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே விழுந்தது. சவுதியில் கட்டுமான வேலைகள் நின்று, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சம்பளமில்லாமல் மாட்டிக்கொண்டார்கள். இந்தியத் தூதரகம் சாப்பாடு கொடுத்தது, வெளியுறவு இணையமைச்சர் வி.கே.சிங் நேரில் போனார். செய்தியில் படித்திருப்போம். தம்பி வேலை பார்த்த இடத்திலும் ஐந்து மாதம் சம்பளம் இல்லை. அந்த ஐந்து மாதமும் ரூமில் இருந்தவர்களிடம் கடன் வாங்கி, ஒரு ரியால் குறையாமல் அனுப்பியிருக்கிறான். ஒன்றரை வருடம் குறைந்தது அந்தக் கடனை அடைக்க.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அம்மா கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதே வருஷம்தான் உங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. மெட்ராஸ்ல வெச்சு ஆஞ்சியோ பண்ணி, ஸ்டென்ட்டு வெச்சாங்க. மாடிக்கு வெச்சிருந்தது அதுல போச்சு. சொன்னா நீ வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவே. அதான் யாரும் வாயத் தொறக்கல."

வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. காது கேட்காதவர் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இருபத்தொன்றரை லட்சத்துக்கு எதிரே நான் அதுவரை எழுதியிருந்த செலவுப் பட்டியலில் தங்கை கல்யாணம், கீழ்த்தளம் எல்லாம் வந்துவிட்டன. நாலு லட்சம் இடித்துக்கொண்டிருந்தது. ஸ்டென்ட்டை எழுதினேன். அப்போதும் ஒன்றேகால் லட்சம் உதைத்தது. விடமாட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் அக்கறை போய்விட்டது.

"அந்த அஞ்சு மாசத்து சீட்டு எது நைனா?" என்று கேட்டார் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் அடுக்கிலிருந்து ஐந்தையும் தேடி எடுத்துக் கொடுத்தான். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.