தெளிந்தவரை மீண்டும் ஐயுறலாமா?

ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் குடிமகன் இன்னொரு ஒன்றிய நாட்டில் குடியேறுகிறார். அவருடைய மனைவி ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் குடிமகள் என்றால், அவருக்கு அங்கே குடியிருப்பு அட்டை வழங்கப்படுகிறது. 2004ஆம் ஆண்டின் 38ஆம் எண் ஆணை வகுத்த உரிமை இது. அட்டை பொதுவாக ஐந்து ஆண்டு செல்லும். அதை வைத்திருப்பவர் தம் துணைவருடன் பயணம் செய்யும்போதும், அவரிடம் போய்ச் சேரும்போதும் விசா வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரையும் விழக்கூடாது. எழுத்தில் உள்ள இந்த உரிமை சோதனைச் சாவடியில் பலமுறை தடுமாறியிருக்கிறது. எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள் தங்குவீர்கள், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற கேள்விகள் கணவரை விட்டுவிட்டு மனைவியை மட்டும் துளைக்கின்றன.

2025 அக்டோபர் 12 அன்று ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியின் வெளி எல்லைகளில் தொடங்கிய வருகை-புறப்பாட்டுப் பதிவு முறை இந்தச் சிக்கலை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறது. குறுகிய காலம் தங்க வரும் வெளிநாட்டவரின் முகமும் கைரேகையும் இனி கணினியில் ஏறும். குடியிருப்பு அட்டை உள்ள குடும்பத்தினருக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் அட்டையின் பொருள் அறியாத அதிகாரி முன் நிற்பவருக்கு அந்த விலக்கு எட்டாக்கனிதான். எனவே எழும் அறக்கேள்வி இது: ஒரு நாடு ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட மனிதரை, எல்லையில் நிற்கும் இன்னொரு நாடு மறுபடி சந்தேகப்படலாமா? கூடாது என்பதே அறத்தின் விடை.

திருவள்ளுவர் தெரிந்துதெளிதல் அதிகாரத்தை முடிக்கும்போது இரண்டு பிழைகளை ஒரே தட்டில் வைக்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பியபின் அவர்மேல் சந்தேகம் கொள்வது மற்றொன்று. இரண்டுமே ஓயாத துன்பத்தில் கொண்டுவிடும் என்பது அவர் தீர்ப்பு. அரசன் தன் பணிக்கு ஆள் தேர்வதைப் பற்றிச் சொன்னது என்றாலும், நம்பிக்கை தந்து பழகும் எந்த அரசுக்கும் இது பொருந்தும். அட்டை எளிதில் கிடைப்பதில்லை. திருமணச் சான்று, பாஸ்போர்ட், துணைவரின் பதிவுச் சான்று எல்லாவற்றையும் பார்த்து, ஆறு மாதத்துக்குள் முடிவு செய்து ஓர் அரசு வழங்குவது அது. 2021 ஆகஸ்ட் முதல் வழங்கப்படும் அட்டைகளின் சில்லில் முகப்படமும் இரண்டு கைரேகைகளும் உள்ளன. எந்த ஆணையின் எந்தப் பிரிவின்படி தரப்பட்டது என்பது அட்டையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. தெளிதல் முடிந்துவிட்டது; எஞ்சுவது ஐயுறவு மட்டுமே.

இந்த ஐயுறவு ஒரு குடும்பத்தை எப்படி அலைக்கழித்தது என்பதை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் சி-202/13 என்ற வழக்கில் காணலாம். கணவர் பிரிட்டன், அயர்லாந்து இரண்டின் குடிமகன், மனைவி கொலம்பியர். மகளுடன் ஸ்பெயினின் மார்பெய்யாவில் வசித்தார்கள். பிரிட்டனில் அவர்களுக்குச் சொந்த வீடும் இருந்தது. மனைவியிடம் ஸ்பெயின் தந்த அட்டை இருந்தும், அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டனுக்குப் போக ஆறு மாதமே செல்லும் குடும்ப அனுமதியைத் திரும்பத் திரும்ப வாங்கவேண்டியிருந்தது. அதற்காக அவர் நேரில் மாட்ரிட் சென்று, வருமானத்தையும் வேலையையும் பற்றிய படிவங்களை நிரப்பவேண்டியிருந்தது. அட்டையை மட்டும் காட்டியபோது சில விமான நிறுவனங்கள் அவரை ஏற்றவே மறுத்தன. அனுமதி இல்லாமல் சொந்த வீட்டுக்குக்கூடக் குடும்பமாகப் போய்வர முடியவில்லை. போலித் திருமணங்கள் பெருகிவிட்டன என்பது பிரிட்டனின் வாதம். 2014 டிசம்பர் 18 அன்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மோசடி நடந்ததா என்பதை ஒவ்வொருவர் விஷயத்திலும் தனித்தனியே காட்டவேண்டுமே தவிர, எல்லோரையும் முன்கூட்டியே மோசடிக்காரராக நடத்தக்கூடாது என்றது.

அதே நீதிமன்றத்தின் 2020 ஜூன் 18 தீர்ப்பு இதை இன்னும் தெளிவாக்கியது. பிரிட்டன் தந்த நிரந்தரக் குடியிருப்பு அட்டையுடன் லண்டனிலிருந்து புடாபெஸ்ட் வந்த உக்ரைன் நாட்டவருக்கு விசா இல்லை என்று அனுமதி மறுத்த ஹங்கேரி, அவரை ஏற்றிவந்த விமான நிறுவனத்துக்கு 3,000 யூரோ அபராதம் விதித்தது. அந்த அட்டையே குடும்ப உறவுக்குப் போதுமான சான்று, அதற்குமேல் சரிபார்ப்பு தேவையில்லை என்று நீதிமன்றம் கூறியது. எல்லைக்கு வருமுன்பே விமான நிறுவனத்தின் கவுண்டரில் கேள்விகள் ஏன் தொடங்குகின்றன என்பதற்கு இந்த அபராதமே விளக்கம்.

கையில் உள்ள சான்றைப் பாராமல் தீர்ப்புச் சொல்வதன் கொடுமையைச் சிலப்பதிகாரத்தைவிட அழுத்தமாகச் சொன்ன நூல் தமிழில் இல்லை. கோவலன் விற்க வந்த சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று பாண்டியன் கேட்டிருந்தால் போதும். கேட்காததால் கோவலன் உயிர் போயிற்று, மதுரை எரிந்தது. புறநானூற்றின் 47ஆம் பாட்டு இதன் மறுபக்கம். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று ஐயுற்று, நலங்கிள்ளியின் பகைவன் நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். பரிசில் தேடி ஊர் ஊராய்ப் போகும் புலவருக்குப் பிறரைக் கெடுக்கும் எண்ணம் ஏது என்று எடுத்துரைத்துக் கோவூர்கிழார் அவரைக் காப்பாற்றினார். பகைவன் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது மட்டுமே குற்றமாகாது என்பதே அந்தப் பாட்டின் நீதி. வேற்று மண்ணில் காலடி வைக்கும் அந்நியனைப் பகைவனாக நடத்தக்கூடாது என்று 1795இல் ஜெர்மன் தத்துவஞானி காண்ட் வகுத்த விருந்துரிமையும் இதே கருத்துத்தான். எகிப்தில் அந்நியராக இருந்ததை மறவாமல் அந்நியரை நடத்தச் சொல்கிறது விவிலியம். காலமும் கடலும் பிரித்த நூல்கள் இங்கே ஒரே குரலில் பேசுகின்றன.

அரசுக்குத் தன் எல்லையைக் காக்கும் கடமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒற்றாடலுக்கும் வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். போலி அட்டையைக் கண்டுபிடிப்பதும், துணைவருடன்தான் வருகிறாரா, அவரிடம் போகிறாரா என்று கேட்பதும் முறையே. உண்மையான, உடனடியான, கடுமையான அச்சுறுத்தல் என்றால் தடுத்து நிறுத்த ஆணையின் 27ஆம் பிரிவே இடம் தருகிறது. அதுவும் அந்த மனிதரின் சொந்த நடத்தையைப் பொறுத்துத்தான். பிறந்த நாட்டைப் பொறுத்து அல்ல.

கேள்வி கேட்கும் உரிமைக்கும் எல்லை உண்டு. பயணத்தின் நோக்கத்தையும் பணத்தையும் கேட்டு ஒன்றியக் குடிமக்களைத் தடுக்கக்கூடாது என்று 1991இல் நெதர்லாந்துக்கு எதிரான வழக்கிலேயே தீர்ப்பாயிற்று. ஷெங்கன் எல்லை விதிகளும் அட்டையுள்ள குடும்பத்தினரை அந்தக் குடிமக்களுடன் ஒரே வகையில் வைக்கின்றன. ஆளையும் ஆவணத்தையும் தரவுத்தளங்களையும் சரிபார்த்தால் போதும் என்கின்றன. ஒரு பிள்ளையின் கையை அப்பா ஒரு பக்கமும் அம்மா மறுபக்கமும் பிடித்து நிற்கும்போது, ஒருவரைப் போகச் சொல்லி மற்றவரை நிறுத்தி வைக்கும் எல்லை, அந்தப் பிள்ளைக்கு முதல் பாடமாகக் கற்றுக்கொடுப்பது அநீதியை. அட்டையைப் படியுங்கள், சரிபாருங்கள், வழிவிடுங்கள். எல்லையில் நிற்கும் ஒவ்வோர் அதிகாரியிடமும் அறம் கேட்பது இவ்வளவே.