நம்பாததை எழுதுதல்

சிட்னியின் மேற்குப் புறநகரொன்றில் வசிக்கும் நண்பரின் வீட்டுக்கு ஒரு ஞாயிறு மாலை போயிருந்தேன். பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் அவரது மகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்து கேட்டாள்: "மாமா, நம்பாத ஒண்டைச் சோதினையில எழுதினா அது பொய்யா?"

அவள் படிப்பது ஒரு தனியார் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். மாநிலப் பாடத்திட்டத்தில் கூர்ப்பு இருக்கிறது. அதைப் படிப்பிக்காமல் விட முடியாது. அந்தப் பாடத்தைத் தொடங்கிய அன்று ஆசிரியை சொன்னாராம்: கேட்பதை எழுதுங்கள், புள்ளி கிடைக்கும், ஆனால் கடவுள் ஒவ்வொரு வகை உயிரையும் தனித்தனியே படைத்தார் என்பதே உண்மை.

"ரீச்சர் நல்லவா மாமா. எனக்குச் சுகமில்லாமல் இருந்தபோது வீட்டை வந்து பார்த்தவா. அவ பொய் சொல்லமாட்டா."

நண்பர் குறுக்கிட்டார். "உதில என்ன பிள்ளை யோசிக்க இருக்கு? எழுதிப் புள்ளியை எடு. எங்கட தசாவதாரத்திலயே உது இருக்கு. மச்சம், கூர்மம், வராகம்..."

அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நீங்கள் ஸ்கூல் போமில கையெழுத்து வைச்சதும் உப்பிடித்தானோ அப்பா?"

பள்ளியின் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எமது குடும்பம் ஆதரவளிக்கும் என்று சொல்லும் படிவம் அது. கையெழுத்திட்ட மேசைக்கு மேலே பிள்ளையார் படம் தொங்குகிறது. யாரும் பேசவில்லை.

கிறிஸ்தவப் பள்ளியில் உயிரியல் என்பது எமக்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் எமது பிள்ளைகளுக்கு மருத்துவம் படிப்பித்தார். பின்னர் அதைத் தமிழிலேயே படிப்பித்தார். நானும் ஒரு மிஷன் பள்ளியில்தான் உயர்தர விலங்கியல் படித்தேன். காலையில் செபம்; பிறகு ஆய்வுகூடத்தில் தேரை வெட்டுதல். எமது மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்பவர். கூர்ப்பைப் படிப்பித்த நாட்களில் 'இது புள்ளிக்காக' என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஒருவன் வம்புக்குக் கேட்டபோது, "கடவுள் எப்பிடிச் செய்யவேணும் எண்டு நாங்கள் அவருக்குச் சொல்லிக் குடுக்கேலாது தம்பி" என்றார். ஆகவே இதைக் கிறிஸ்தவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான சண்டையாக நான் பார்க்கவில்லை. பட்டாணிச் செடிகளிலிருந்து பரம்பரை விதிகளைக் கண்டு 1866இல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. மனித உடலின் தோற்றத்தைக் கூர்ப்பின் வழியில் ஆராய்வதற்குத் திருச்சபையின் தடையில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950இலேயே எழுதினார்.

நம்பாததை எழுதுவது பொய்யா? எனக்கு ஆறுமுக நாவலரின் நினைவு வந்தது. சாதி பற்றிய அவரது நிலைப்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது. பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கியவர் அவர். அந்த நூலை அவர் வேதமாக ஏற்கவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் கிறிஸ்தவப் பிரசாரத்துக்கு மறுப்பாகச் 'சைவதூஷண பரிகாரம்' எழுதினார். இருந்தும் அந்த மொழிபெயர்ப்பை ஏனோதானோவென்று செய்தார் என்று அவரது எதிரிகள்கூடச் சொன்னதாக நான் அறியேன். ஒன்றைச் சரியாக விளங்கிக்கொள்வதும் அதை ஏற்றுக்கொள்வதும் வெவ்வேறு. விளங்கியதை விளங்கியபடி எழுதுவதில் பொய் இல்லை.

அப்படியானால் ஆசிரியை செய்ததில் என்ன பிழை? தன் நம்பிக்கையைச் சொன்னது பிழையல்ல. மறைப்பதைவிட அது நேர்மை. 'புள்ளிக்காக எழுதுங்கள்' என்றதுதான் பிழை. அந்த ஒரு வார்த்தையால் பாடம் ஆயக்காசாகிவிடுகிறது. காசைக் கட்டிவிட்டுக் கடந்து போகலாம், பார்க்க வேண்டியதில்லை.

பார்த்தால் எவ்வளவு இருக்கிறது. 1935இல் கரும்புத் தோட்டத்து வண்டுகளைத் தின்பதற்கென்று ஹவாயிலிருந்து குயீன்ஸ்லாந்துக்குத் தேரைகளைக் கொண்டுவந்தார்கள். வண்டு குறையவில்லை, தேரை பெருகிப் பரவியது. பரவலின் முன்னணியில் செல்லும் தேரைகளுக்குக் கால்கள் நீளமாக இருப்பதை 2006இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 'கால் நீண்டாலும் தேரை தேரைதானே' என்று ஆசிரியை கேட்டாராம். நியாயமான கேள்வி. அதற்கும் இந்த நாட்டிலேயே விடை தேடலாம். பிளாட்டிபஸ் முட்டையிடும், குஞ்சுக்குப் பாலும் கொடுக்கும். முட்டை மஞ்சட்கருவின் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு ஒன்று அதில் இன்னும் வேலை செய்கிறது. முட்டையே இடாத மனிதரிலும் அதே வகைப் பரம்பரையலகுகளின் உடைந்த எச்சங்கள் கிடப்பதை 2008இல் கண்டார்கள். எமது உடலுக்குள் ஏன் இந்த உடைசல்? பொது மூதாதை ஒன்று இருந்ததென்றால் விளங்குகிறது. தனித்தனியே படைக்கப்பட்டோம் என்பவர் இதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். நண்பரின் தசாவதாரமும் இங்கே உதவாது. 'எங்களிடம் முன்பே இருக்கிறது' என்பதும் பார்க்காமல் கடந்து போவதற்கான வழிதான்.

கையெழுத்து வேறு விடயம். பரீட்சைத்தாள் 'விளக்குக' என்கிறது; 'நம்புகிறாயா' என்று கேட்பதில்லை. படிவம் அப்படியல்ல. அது எமது வாக்கைக் கேட்கிறது. எமக்கோ இது பழகிப்போன ஒன்று. அகதி விண்ணப்பம் எழுதியபோது, நடந்ததை விட்டுவிட்டு அதிகாரிக்கு எது எடுபடுமோ அதை எழுது என்று எத்தனை பேர் புத்தி சொன்னார்கள்! உயிர் தப்ப வேண்டியிருந்தவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் உயிராபத்தில் பழகியதை, ஒழுக்கம் நன்றாயிருக்கும் என்பதற்காகத் தெரிந்தெடுத்த பள்ளிக்கூடத்தின் அனுமதிக்கும் பாவிக்கும்போது, அன்றைய தந்திரம் இன்று எமது குணமாகிவிடுகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவளிடம் சொன்னேன்: "பொய் இல்லை மகள். ஆனா புள்ளிக்காக எழுதாதை. விளங்கிக்கொண்டு எழுது. நம்புறதா இல்லையா எண்டதை ஆறுதலா யோசி. அதுக்கு ஒருத்தரும் நேரம் வைக்கேலாது. அந்த மஞ்சட்கரு விசயத்தை ரீச்சரிட்டையே கேள். நல்லவா எண்டால் கோபிக்கமாட்டா."

"அப்பான்ர கையெழுத்து?"

"அதை அப்பாவிட்டைக் கேள்."

நண்பர் என்னை ரயில் நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கும்போது சொன்னார்: "நான் அந்தப் போமை வாசிக்கவேயில்லை மச்சான்."

"அதையே பிள்ளைக்குச் சொல்லு" என்றேன்.