ஹுத்ஹுத் கொண்டு வந்த செய்தியும் நம் பிள்ளைகளின் பிராஜெக்ட் நோட்டும்

 

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்புச் சகோதரர்களே, கடைசி ஸஃப்பில் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே! இன்றைய பேச்சு உங்களைப் பற்றியது. ஆனால் கேட்க வேண்டியவர்கள் உங்கள் அத்தாமார்கள்.

ஸூரத்துன் நம்லில் ஒரு சம்பவம் வருகிறது. ஸுலைமான் (அலை) அவர்கள் பறவைப் படையைப் பார்வையிடுகிறார்கள். ஹுத்ஹுதைக் காணவில்லை. தகுந்த காரணம் சொல்லாவிட்டால் கடும் தண்டனை என்று அறிவித்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் அது வந்து சேர்கிறது. வந்து என்ன சொன்னது? தாங்கள் அறியாத ஒன்றை நான் அறிந்து வந்திருக்கிறேன், ஸபா நாட்டிலிருந்து உறுதியான செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்றது. நம் வயல்களில் கொண்டை விரித்துத் திரிகிறதே கொண்டலாத்தி, அதுதான் ஹுத்ஹுத். ஒரு முழம்கூட இல்லாத பறவை, நபியும் அரசருமான ஒருவரிடம் ‘உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்’ என்கிறது. அவர்கள் கோபப்படவில்லை. சின்னதெல்லாம் பேச வந்துவிட்டதா என்று விரட்டவில்லை. சொன்னதை அப்படியே நம்பிவிடவும் இல்லை. நீ சொன்னது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்றார்கள். ஒரு கடிதத்தை அதன் மூலமே அனுப்பிச் சோதித்தார்கள்.

இந்த ஒரு பதிலில் ஆராய்ச்சி என்ற சொல்லின் பாதி அர்த்தம் இருக்கிறது. மீதிப் பாதி ஹுத்ஹுதிடம் இருக்கிறது. அது யாரோ சொன்னதைக் கேட்டு வரவில்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் பிராஜெக்ட் கொடுக்கிறார்கள். பசுமைப் படை இருக்கிறது. 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. பத்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்து, தாங்களே களத்துக்குப் போய் ஆய்ந்து, மாவட்டத்திலும் மாநிலத்திலும் எடுத்துச் சொல்ல வேண்டும். அருமையான ஏற்பாடு. நாம் என்ன செய்கிறோம்? முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிள்ளை ‘அத்தா, நாளைக்கு பிராஜெக்ட்’ என்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் சார்ட், பிரவுசிங் சென்டரில் நாலு பக்கம் பிரிண்ட், சுருள் பைண்டிங். ‘ஐம்பது வீடுகளில் கேட்டோம், முப்பத்தெட்டு வீடுகள் ஆம் என்றன’ என்று ஒரு அட்டவணை. எந்த வீட்டு வாசலையும் அந்தப் பிள்ளை மிதிக்கவில்லை.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். உனக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதே, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்ற கருத்தில் அல்லாஹ் ஸூரத்துல் இஸ்ராவில் எச்சரிக்கிறான். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுவதற்குப் பெயர் பொய்ச் சாட்சி. மதிப்பெண்ணுக்காக அதை நம் பிள்ளைக்கு நாமே கற்றுக் கொடுக்கிறோம், அதுவும் நம் காசைக் கொடுத்து.

ஹதீஸ் கலையை வளர்த்த உம்மத் நாம். ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று கேட்டுக் கேட்டுத்தான் நம் இமாம்கள் ஏற்றார்கள். பிள்ளையின் நோட்டிலும் அதே இஸ்னாத் வேண்டும். எந்தத் தேதி, எந்தக் குளம், காலையா மாலையா, அளந்தது யார். அந்த நாலு வரி இருந்தால் சார்ட்டே வேண்டாம்.

விசாரிக்காமல் பேசுவதால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் பிச்சாவரம். சுற்றுலாப் படகு ஏறி, செல்ஃபி எடுத்துத் திரும்புகிறோம். அந்தச் சுரபுன்னைக் காடு ஒரு காலத்தில் பெருமளவு அழிந்து கிடந்தது. யார் காரணம் என்றால், விறகு வெட்டும் ஏழைகள், ஆடு மாடு மேய்ப்பவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள். வெள்ளையர் காலத்திலிருந்தே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டும் முறை இருந்திருக்கிறது. மரம் போன இடத்தில் வெயில் பட்டுத் தரை தாழ்ந்து பள்ளமானது. ஏறி வந்த கடல்நீர் வடியாமல் தேங்கியது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. அந்த உப்பில் கன்று முளைக்கவில்லை. இதுதான் நோய். நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. 1990களில் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து மீன் முள்ளைப் போல வாய்க்கால் வெட்டினார்கள். அலை ஏறி இறங்க வழி கிடைத்தது, நட்டது பிழைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, காட்டின் மறைவில் இருந்த குப்பங்களுக்கு வெட்டவெளியில் இருந்தவற்றைவிடச் சேதம் குறைவு என்று பின்னால் ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். 2022இல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் உலகறிந்த ஈரநிலமாகச் சேர்ந்தது.

ஒரு செய்தி வந்தால் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள், அறியாமையில் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் போதனை. ஏழையைக் குற்றவாளியாக்கிவிட்டு வேலியை மட்டும் போட்டிருந்தால் காடும் பிழைத்திருக்காது.

கடலூர் சிப்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் வருடக்கணக்காக நாற்றம், நாற்றம் என்று முறையிட்டார்கள். வெறும் வாய்வார்த்தை எடுபடவில்லை. 2004 வாக்கில் அந்தக் கிராமத்துச் சாதாரண ஜனங்களே கண்காணிப்பாளர்களாகி, எந்த நாள், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, என்ன மாதிரி வாடை என்று எழுதி வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவர்கள் பேச்சை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. நோட்டும் பேனாவும் ஏழையின் சாட்சி.

சகோதரர்களே, ஊரைப் பற்றி, கம்பெனியைப் பற்றிப் பிள்ளை எழுதினால் நாம் தட்டிக் கொடுப்போம். நம்மைப் பற்றி எழுதினால்? அங்கேதான் சோதனை.

ஒரு பிள்ளை மிருக நலம் என்று தலைப்பெடுத்துக் கொண்டு நம் கறிக்கடைக்கு வருகிறது என்று வையுங்கள். கூண்டில் கோழிகள் நிமிர்ந்து நிற்க இடமிருக்கிறதா, தண்ணீர் வைத்திருக்கிறீர்களா, ஏன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பைக்கில் கொண்டு போகிறார்கள், ஒன்றின் கண்முன்னே இன்னொன்றை அறுக்கலாமா என்று கேட்கிறது. நமக்கு உடனே சுருக்கென்கிறது. மிருக நலம் என்றாலே குர்பானிக்கு எதிரான பேச்சு என்று முகம் சுளிக்கிறோம். அப்படி நோக்கம் வைத்துப் பேசுகிறவர்கள் நாட்டில் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்விகளை வரிசையாகப் பாருங்கள். எல்லாமே ஃபிக்ஹு கிதாபில் உள்ள கேள்விகள்! அறுத்தாலும் அழகிய முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக் கொள்ளுங்கள், பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆட்டைப் படுக்க வைத்துவிட்டு அதன் எதிரில் கத்தி தீட்டியவரை, அதை இரண்டு முறை சாகடிக்கப் பார்க்கிறாயா என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் கண்ணீர் விட்ட செய்தி அபூதாவூதில் வருகிறது. முதலில் என்ன செய்தார்கள்? அதன் பிடரியைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு, இது யாருடையது என்று கேட்டார்கள். உரிமையாளரை அழைத்து, பட்டினி போடுகிறாய், ஓயாமல் வேலை வாங்குகிறாய் என்று அது முறையிடுவதாகச் சொன்னார்கள். அந்த வாலிபர் அதைக் குறுக்கீடாக எடுத்துக்கொள்ளவில்லை. நாமானால், நான் தீனி வாங்கிப் போடுகிறேன், கேட்க நீ யார் என்போம்.

உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் அல்லாஹ்வுக்காக நீதியின் சாட்சியாக நில்லுங்கள் என்று ஸூரத்துன் நிஸாவில் கட்டளை வருகிறது. மீனவர் வீட்டுப் பிள்ளை, கரையில் செத்து ஒதுங்கும் பங்குனி ஆமைகளை எண்ணினால் அது இந்த ஆயத்தின் மேல் நடக்கிறது. ஆமைக்கு மூச்சுவிட மேலே வர வேண்டும்; இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூழ்கிச் செத்துவிடும். இதைப் பிள்ளை எழுதினால் அத்தாவைக் காட்டிக் கொடுத்ததாக ஆகாது. ஆமை தப்பிக்க வழி வைத்த வலை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஆகும் செலவும், நழுவிப்போகும் மீனும் கடலுக்குப் போகிறவரின் தலையில் விழுகின்றன, அதையும் அந்த நோட்டில் எழுதட்டும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். நமக்கோ பரங்கிப்பேட்டையிலேயே, வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் ஆசிரியரோடு போய்க் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பள்ளிவாசல் ஒளூ செய்யும் இடத்தையே பிள்ளைகள் ஆராயட்டும். குழாய் வாயில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பார்க்கட்டும். பத்து விநாடி என்று வைத்தால், இரண்டு நிமிடம் திறந்து வைக்கும் ஒருவருக்குப் பன்னிரண்டு லிட்டர். ஜும்ஆவுக்கு முந்நூறு பேர் என்றால் 3,600 லிட்டர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளூ செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். முக்கால் லிட்டர் போல வரும்; ஹனஃபி இமாம்களின் கணக்கில் கொஞ்சம் கூடும். எந்த மத்ஹபில் பார்த்தாலும் பன்னிரண்டு லிட்டர் வராது.

முத்தவல்லியிடமும் மோதினாரிடமும் பேசிவிட்டேன். பள்ளி அனுமதித்தால், நம் மஹல்லாவின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், தங்கள் ஆசிரியரோடு வந்து நாலு வாரம் அளக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு மதரஸா பக்கத்துக் குழாய்கள். வருகிற கணக்கு எதுவானாலும் மாற்றாமல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். நம் ஜமாஅத்துக்கு அது வெட்கமாக இருந்தாலும் ஒட்டுவோம். கணக்கில் சந்தேகம் இருப்பவர் மறுபடி அளந்து பார்க்கலாம், ஸுலைமான் (அலை) அவர்கள் பார்த்த மாதிரி. நோட்டோடு நிற்கும் பிள்ளையை யாரும் அதட்ட வேண்டாம். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைரிடம் அவன் வளர்த்த குருவியைப் பற்றி நின்று விசாரித்த நபியின் உம்மத் நாம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்ணுக்கும் நாவுக்கும் எழுத்துக்கும் உண்மையைக் கொடுப்பாயாக. அவர்கள் கண்டதைச் சொல்லும்போது கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.