வழி திருப்பியவர்களுக்கு

ஒருவருடைய தொழில் வாழ்க்கையை உருவாக்கியவர்களுக்கு நன்றி கூறும் வழக்கம் இன்று பெரும்பாலும் பணிநிறைவு விழா மேடையிலும் நூல் முகவுரையின் கடைசிப் பத்தியிலும் ஒதுங்கிவிட்டது. அங்கே பெயர்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றனவே தவிர, அப்பெயருக்குரியவர் எதைக் கொடுத்தார், அது கிடைக்காமற் போயிருந்தால் வாழ்க்கை எந்தப் பக்கம் போயிருக்கும் என்ற கணக்கு சொல்லப்படுவதில்லை. கணக்கில்லாத நன்றியைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதைப் பெறுபவர், மேடையில் போர்த்தப்பட்ட பொன்னாடையைப் போல, வீட்டுக்குப் போனதும் மடித்து வைத்துவிடுகிறார்.

நன்றிக்குரியவர் யார் என்பதை முடிவு செய்வது தோன்றும் அளவுக்கு எளிதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமச் சிந்தனையாளர் செனெக்கா, உபகாரம் என்னும் பொருள்பற்றி மட்டும் ஏழு பகுதிகள் கொண்ட ஒரு நூலை எழுதியுள்ளார். கொடுக்கப்பட்ட பொருளில் உபகாரம் இல்லை, கொடுத்தவருடைய எண்ணத்திலேயே உள்ளது என்பது அந்நூலின் அடிப்படை. கூலி பெற்றுக் கற்பிக்கும் ஆசிரியருக்கும், கூலியோடு கடன் தீர்ந்துவிடாமல், அவர் ஒப்பந்தத்துக்கு மேல் காட்டிய அக்கறைக்கு நன்றி நிலுவையில் நிற்கிறது என்கிறார் அவர். தம் நலத்தை மட்டுமே எண்ணி ஒருவர் செய்த செயல் பிறருக்குப் பயன்பட்டாலோ, அதற்கு நன்றிக்கடன் இல்லை. தருக்க முறையில் இது நேர்த்தியான கருத்து. தொழில் வாழ்க்கை உண்மையில் உருவாகும் விதத்தோடு ஒப்பிடும்போதுதான் இது இடறுகிறது. ஏனெனில் ஒருவரை உருவாக்கியவர்களுள் பாதிப்பேர் அவரை உருவாக்கும் எண்ணமே இல்லாதவர்கள்.

உ.வே.சாமிநாதையரின் (1855–1942) வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. பழைய தமிழ் நூல்களை ஏட்டுச்சுவடிகளிலிருந்து, அதாவது பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பட்ட படிகளிலிருந்து, ஒப்பிட்டுத் திருத்தி அச்சேற்றியதே அவர் வாழ்நாட் பணி. அவருக்கு அமைந்த ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1871 முதல் பிள்ளை மறைந்த 1876 வரை அவரோடிருந்து புராணங்களும் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் பாடங்கேட்ட அம்மாணவருக்குச் சாமிநாதன் என்ற பெயரை நிலைக்கச் செய்தவரும் பிள்ளையே. இங்கே கொடுத்தவரின் எண்ணத்தில் ஐயமில்லை, செனெக்காவும் மறுக்கமாட்டார்.

அடுத்து வருபவர்களின் நிலை அவ்வளவு தெளிவானதன்று. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து 1880இல் ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், பிள்ளையின் மற்றொரு மாணவர். தம் இடத்தில் சாமிநாதையரை அமர்த்தியே தீருவதென்று முயன்று வென்றார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோ, மடத்திலே தமக்குத் துணையாயிருந்த சாமிநாதையரை அனுப்ப முதலில் மனம் இசையாமல், பிறகு இசைந்தவர். இதிற் பெரியது எது? ஒரு வேலையைத் தேடித்தருவது உதவி என்பது எல்லோருக்கும் தெரியும். தமக்கு வேண்டிய ஒருவரைப் போக விடுவது அதைவிட அரிது என்றாலும், நன்றிப் பட்டியல்களில் அதற்கு இடம் கிடைப்பது குறைவு. நல்ல உதவியாளரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அவருடைய பதவி உயர்வைத் தள்ளிப்போடும் மேலதிகாரி எந்த அலுவலகத்திலும் உண்டு.

மூன்றாமவர், அதே ஆண்டில் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியார். தேசிகர் சொற்படி அவரைக் காணச்சென்ற சாமிநாதையர், தாம் கற்ற நூல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். நீண்ட அப்பட்டியலைக் கேட்டும் முதலியாரின் முகத்தில் வியப்பு எழவில்லை; அவற்றாற் பயன் என்ன என்ற தோரணையில் கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் மணிமேகலை படித்ததுண்டா என்று வினவினார். சிந்தாமணியை ஒருவரோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பதே முதலியாரின் விருப்பம். எதிரில் இருந்தவரைப் பதிப்பாசிரியராக்கும் திட்டம் எதுவும் அப்போது அவரிடம் இருந்திருக்க முடியாது. அந்தக் கேள்வியில் ஆதரவும் இல்லை, மரியாதையும் சற்றுக் குறைவு. ஆயினும் அதன் பின் முதலியார் தந்த சிந்தாமணிப் படியிலிருந்து தொடங்கிய தேடல் 1887இல் அச்சு நூலாயிற்று. பத்துப்பாட்டு 1889இலும் சிலப்பதிகாரம் 1892இலும் புறநானூறு 1894இலும் தொடர்ந்தன.

முதலியாருக்கு நன்றி சொல்வதில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. அந்தக் கேள்வியைப் போற்றினால், உயிரினும் மேலாக மதித்த ஆசிரியர் கற்பித்தவற்றுள் ஓர் இடைவெளி இருந்தது என்பதை ஒப்புக்கொண்டதாகும். அதை மறைத்தால் முதலியாரின் பங்கு வெறும் அறிமுகமாகச் சுருங்கும். பலர் இந்த இடத்தில் ஒருவரைக் கைவிட்டுவிடுவார்கள். முதல் ஆசிரியரைத் தெய்வமாக்கி வைத்துப் பின்வந்தவரை மறப்பார்கள், அல்லது புதிய வழிகாட்டியின் பெருமைக்காகப் பழையவரைச் சிறிது தாழ்த்துவார்கள். சாமிநாதையர் தம் சுயசரிதையில் முதலியாரின் கேள்வியை, அது தம்மை எவ்வளவு உறுத்தியது என்பதோடு சேர்த்து, மழுப்பாமல் எழுதினார். பிள்ளைக்கோ, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1933இலும் 1934இலும் இரண்டு பாகங்களாக விரிவான வரலாறு எழுதினார். அதில் பிள்ளையின் புலமையோடு அவருடைய கடன் தொல்லைகளும் இடம்பெற்றுள்ளன. துதிபாடும் நோக்கம் உடையவர் அவற்றை விட்டிருப்பார்.

காலமும் கவனிக்கத்தக்கது. சம்பளத்தையும் பதவியையும் இன்னும் கையில் வைத்திருப்பவருக்குச் சொல்லப்படும் நன்றியை முகமனிலிருந்து, அதாவது நயத்துக்காகக் கூறும் புகழ்ச்சியிலிருந்து, பிரித்தறிவது சொல்பவருக்கே கடினம். சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய பின் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டபோது, செட்டியார் மறைந்து ஆண்டுகள் பல கடந்திருந்தன. அதனால் பெறக்கூடிய நன்மை எதுவும் மிச்சமில்லை. எனினும், இறந்தவருக்குக் கூறும் நன்றி தூயது என்பதற்காக உயிரோடிருப்பவரைக் காத்திருக்கச் செய்வது முறையாகாது. கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் முகமன் என்ற ஐயம் பெரும்பாலும் தானே விலகும். முகத்துதி பொதுச்சொற்களை நம்பி வாழ்வது.

சாமிநாதையருடைய பதிப்பு முகவுரைகள் இந்தத் தெளிவுக்கு மற்றொரு சான்று. எந்தச் சுவடி எவரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து கிடைத்தது என்று அவை பெயர் சுட்டிப் பதிவு செய்கின்றன. சுவடி தந்தவர்களுட் பலர் தம் வீட்டுப் பரணில் இருந்தது இன்னதென்று அறியாதவர்கள். செனெக்காவின் அளவுகோலில் அவர்கள் உபகாரிகளே அல்லர். ஆயினும் அந்தப் பட்டியல்கள், நன்றியுரையாக எழுதப்பட்டவை, பிற்காலத்தில் ஒரு படியின் வழியைத் தேடிச் செல்லும் ஆய்வாளருக்கு ஆவணமாக உதவுகின்றன. ஓலைகளைப் படியெடுத்த கைகளுக்கு உரியவர்கள் மட்டும், பெயர் தெரியாத காரணத்தால், பெரும்பாலும் அவற்றில் இடம்பெறவில்லை.