அடைக்கலமும் நிபந்தனையும்

பொதுப்பணத்திலிருந்து ஜீவனத்துக்கு உதவி பெறுகிறவர், உடலும் வயதும் இடங்கொடுக்கும் அளவுக்கு வேலை தேடவோ, வேலைக்குத் தம்மைத் தகுதிப்படுத்திக்கொள்ளவோ பிரயத்தனம் செய்யவேண்டும் என்று ஒரு சமுதாயம் கேட்பது அநியாயமன்று. அந்தப் பணம் உழைப்பவர்களின் வரியிலிருந்தே வருகிறது. ஆனால், போரையும் முகாமையும் கடந்து புதிய தேசத்தில் கால்வைத்துச் சில மாதங்களே ஆன ஓர் அகதியிடம் அதே நிபந்தனையை, அதே தண்டனையோடு விதிப்பது தர்மமாகுமா என்பது வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவின் நடைமுறையைக் கொண்டு இதனை ஆராய்வது தகும். அகதிகளை வரவழைத்துக் குடியமர்த்துவதில் நீண்ட அனுபவமுள்ள அத்தேசமே, உதவித்தொகையோடு கடமைகளைப் பிணைப்பதிலும் மிகுந்த கண்டிப்பு உடையது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐரோப்பிய முகாம்களில் லட்சக்கணக்கானோர் நாடற்றுக் கிடந்தபோது, அவர்களுள் ஏறக்குறைய 1,70,000 பேரை ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. 1947 நவம்பரில் முதற்கப்பல் மேற்குக் கரையை அடைந்தது. வந்தவர்கள், சர்க்கார் காட்டும் இடத்தில் காட்டும் வேலையை இரண்டாண்டு செய்வதாகக் கையெழுத்திட்டிருந்தனர். விக்டோரியாவின் போனகில்லா முகாமில் தங்கிச் சிறிது ஆங்கிலம் கற்று, கரும்புத் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் ஆலைகளுக்கும் பிரிந்து சென்றனர். மருத்துவம் கற்றவர் மருத்துவமனை ஏவலாளரானதும், பொறியியல் கற்றவர் மண் சுமந்ததும் அக்காலச் சரித்திரத்தில் பதிந்துள்ள துயரங்கள். மனிதனின் கல்வியையும் விருப்பத்தையும் இரண்டாண்டு அடகாக வாங்கிய அந்த ஏற்பாட்டை ஆதரிக்க மனம் ஒப்பவில்லை. எனினும், வேலை செய் என்று சொன்ன சர்க்காரே அன்று வேலையையும் கொடுத்தது. இன்று வேலை தருவதாக யாரும் வாக்களிப்பதில்லை; வேலை தேடியதற்கான அத்தாட்சி மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது.

இன்றைய முறையில் கருணையே இல்லை என்று சொல்வது பொய்யாகும். பிற குடியேறிகள் வேலை தேடுவோர் உதவித்தொகைக்கு நான்காண்டு காத்திருக்க நேர்கையில், மனிதாபிமான விசாவில் வந்து நிரந்தரமாகக் குடியமரும் அகதிகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வந்த புதிதில் வேலை தேடும் கடமையிலிருந்து தற்காலிக விலக்கும் உண்டு. ஆங்கிலம் கற்பதும் கடமையை நிறைவேற்றுவதாகவே ஏற்கப்படுகிறது. 1948 முதல் நடந்துவரும் குடியேறியோர் ஆங்கிலக் கல்வித் திட்டத்தில் முன்பிருந்த 510 மணி நேர வரம்பு 2021இல் நீக்கப்பட்டது. இவையெல்லாம் மெச்சத்தக்கவை. விலக்கு முடிந்த பிறகே சிக்கல் தொடங்குகிறது. 2022 முதல் நடைமுறையிலுள்ள ஏற்பாட்டின்படி மாதமொன்றுக்குப் பொதுவாக 100 புள்ளிகள் சேர்க்கவேண்டும். ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டால் 5 புள்ளி. சூழ்நிலைக்கேற்ப இலக்கு குறைக்கப்படலாம் என்றாலும், தக்க காரணமின்றி ஒரு சந்திப்புக்குத் தவறினால் பணம் நிறுத்திவைக்கப்பட்டு, பெயருக்கெதிரே குற்றப்புள்ளி ஏறும். ஆறு மாதத்தில் ஐந்து குற்றப்புள்ளிகள் சேர்ந்தவர் தண்டனைக் கட்டத்துக்குத் தள்ளப்படலாம். அங்கே முதற்பிழைக்கு இருவாரத் தொகையில் பாதியும், அடுத்ததற்கு முழுவதும், மூன்றாவதற்கு நான்கு வார ஜீவனமும் பறிபோகும் என்பது விதி.

எல்லைப்புற முகாமில் பதினைந்து ஆண்டு கழித்துவிட்டு வந்த ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். முந்தைய முதலாளி யார், வாங்கிய சம்பளம் எவ்வளவு, விலகிய காரணம் என்ன என்று கேட்கும் படிவத்தில், ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற அந்த ஆண்டுகளை எழுத இடமில்லை. காலையில் அவர் கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், பள்ளியிலிருந்து மாலையில் திரும்பும் பதின்மூன்று வயது மகள். அவள் படித்துச் சொல்வதற்குள் சந்திப்பின் நேரம் கடந்துவிடுகிறது. மறுநாள் வாடகை கொடுக்கவேண்டிய நாள். அவரிடம் சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. ஏட்டில் மட்டும் அலட்சியம் என்று பதிவாகிறது. தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் பேசும் சேவையை 1973இலேயே தொடங்கிய தேசம் அது. ஒரு குடும்பத்தின் உணவை நிறுத்துமுன் அந்த ஓர் அழைப்பைச் செய்யாமலிருப்பதற்கு எந்த நியாயத்தைக் காட்ட முடியும்? இயலாததைக் கடமையென்று விதித்து, அது நிறைவேறாதபோது தண்டிப்பது ஒழுங்கைக் காப்பதாகாது. பலவீனரின் பலவீனத்தையே குற்றமாக்குவதாகும்.

அப்படியானால் அகதிகளுக்கு எல்லாக் கடமைகளிலிருந்தும் நெடுங்காலம் விலக்களித்துவிடலாமே என்று இரக்கமுள்ளோர் சொல்வதுண்டு. அந்த இரக்கத்தை ஐயுறவேண்டியதில்லை. ஆயினும் விலக்கு எப்போதும் தயையாகிவிடுவதில்லை. முன்பு 13 வாரமாக இருந்த விலக்கை 26 வாரமாக்கும் யோசனை 2017இன் இறுதியில் வந்தபோது, அது செலவை மிச்சப்படுத்தும் வழியாகவே சர்க்கார் கணக்கில் இடம்பெற்றது. கடமை தள்ளிப்போகும்போது வேலை தேடித்தரும் உதவியும் தள்ளிப்போயிற்று என்பதே அதன் பொருள். உழைக்கத் துடிக்கும் ஒருவரை, நீ இன்னும் தேறவில்லை என்று வீட்டில் உட்காரவைப்பதும் ஒருவகை அவமதிப்பே.

விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் நில் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வாத்து இறைச்சி ஆலைக்கு ஆள் போதாமையால், தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து வந்த கரென் இன அகதிகள் 2010 முதல் அங்கே வேலைக்கு அழைக்கப்பட்டனர். ஆலையின் மேலாளரும் அவர் மனைவியும் முன்னின்று வீடு பார்த்துக் கொடுத்தனர். வரப்போகிறவர்கள் யார், என்ன பட்டவர்கள் என்று ஊராரிடம் எடுத்துச் சொன்னார்கள். ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 160 கரென் மக்கள் அங்கே குடியேறியிருந்தனர். தேய்ந்துகொண்டிருந்த ஊர் தழைத்தது. அங்கே முதலில் வந்தது வேலையும் வீடும் முகங்கொடுத்துப் பேசும் மனிதர்களும். உழைப்பு அதன்பின் தானே வந்தது. உதவியைப் பின்னுக்கும் தண்டனையை முன்னுக்கும் வைக்கும் முறை, இந்த வரிசையையே தலைகீழாக்கிவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அதுவே மிகப் பெரியது. அகதியின் தவறுகளை எண்ண ஓர் ஏடு இருக்கிறது. அவருக்குச் சேவை செய்யக் கூலி பெறும் நிறுவனம் மொழிபெயர்ப்பாளரை அழைக்கத் தவறியதையோ, வகுப்பில் இடம் கிடைக்காமல் அவர் காத்திருந்த வாரங்களையோ அந்த ஏட்டில் ஏற்றுவார் இல்லை. அகதிகளென்றில்லாமல் பொதுவாகவே வேலை தேடுவோர் 900க்கும் மேற்பட்டோரின் உதவித்தொகை சட்டத்துக்குப் புறம்பாக ரத்துசெய்யப்பட்டதென 2025இல் அந்நாட்டு மத்திய குறைகேள் அதிகாரியே அறிவித்தார். தனிமனிதரின் நிலைமையை உத்தியோகஸ்தர் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும் என்று சட்டம் கோரியிருந்தும் அது நடக்கவில்லை. ஊர் மொழி தெரிந்தவர்களுக்கே இந்தக் கதியென்றால், முறையீட்டுக் கடிதமொன்று எழுதத் தெரியாதவரின் கதி என்ன?

கடைசியாக, எந்த ஏற்பாட்டுக்கும் எளிதில் அடங்காத ஒருவர் எஞ்சுகிறார். சிறுவயதில் ஆடு மேய்க்கப் போய், தாய்மொழியிலும் எழுத்தறியாமல், நாற்பத்தைந்து வயதில் முதுகுவலியோடு வந்திறங்கியவர் அவர். எத்தனை மணி நேர வகுப்பும் அவரை அலுவலகக் குமாஸ்தாவாக்கப் போவதில்லை. அவரிடம் மாதந்தோறும் விண்ணப்பங்களை எண்ணிக் கேட்பதால் அவருக்கும் பயனில்லை, முதலாளிக்கும் பயனில்லை. அவருக்கோ மண்ணைத் தெரியும், கால்நடையைத் தெரியும். சமூகத் தோட்டமொன்றில் மகிழ்ந்து உழைப்பார். 55 வயது கடந்தோர் தன்னார்வத் தொண்டினாலேயே கடமையை நிறைவேற்ற அந்நாட்டு விதிகள் பெரிதும் இடமளிக்கின்றன. அந்த வழியை, குடியேறிய முதற்சில ஆண்டுகளுக்கேனும், வயதைப் பாராமல் இவர் போன்றோருக்கும் திறந்துவிடவேண்டும்.