விட்ட அம்பு

வில்லை விட்டுப் போன அம்பு யாருடையது? வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. எழுபது மீட்டருக்கு அப்பால் இலக்கு நிற்கிறது. அதன் முழு அகலம் 122 சென்டிமீட்டர். நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டமோ 12.2 சென்டிமீட்டர்தான். நாணிலிருந்து விரல் விலகியபின் அம்பு அங்கே போய்ச் சேர ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகிறது. அந்தச் சிறு பொழுதில் அது எய்தவளுக்குச் சொந்தமா, காற்றுக்கா?

ராஞ்சிக்குப் பக்கத்தில், ஆட்டோ ஓட்டுபவரின் மகளாகப் பிறந்தவர் தீபிகா குமாரி. சிறுமியாக இருந்தபோது மாங்காயைக் கல்லெறிந்து வீழ்த்திப் பழகிய கண் அது. 2010-ல் டில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம். 2012-ல், பதினெட்டு வயதில், உலகத் தரவரிசையில் முதலிடம். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே தோல்வி. அப்புறம் ரியோ, 2021-ல் நடந்த டோக்கியோ, 2024-ல் பாரிஸ். பாரிஸுக்கு அவர் ஒரு பெண் குழந்தையின் தாயாகப் போனார். காலிறுதியில் 4-2 என்று முந்தியிருந்தவர், கொரியப் பெண் நாம் சு-ஹியோனிடம் 4-6 என்று தோற்றார். நான்கு ஒலிம்பிக், தனியாட்டத்தில் ஒரு பதக்கமும் இல்லை.

"பெரிய நாளில் கை நடுங்குகிறவள்" என்று தீர்ப்பெழுதச் சிலர் இருக்கிறார்கள். பலனில் பற்று வேண்டாம் என்று கீதையைத் துணைக்கழைத்து ஆறுதல் சொல்லவும் சிலர் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாமவர் மேல்தான் அதிகக் கோபம். காற்றைக் கணிப்பதும் வில்வித்தையில் ஒரு பாதி. இலக்கின் மேலே சிறு கொடி அசைகிறது. ஓர் அம்புக்கு இருபது நொடி அவகாசம். அதற்குள் பார்த்து, கணித்து, விட வேண்டும். தவறினால் அது அவருடைய தவறும்தான். அதையும் விதியின் கணக்கில் எழுதிவிட்டால், பத்தில் தைத்த அம்புகளையும் அல்லவா அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறோம்?

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வேறு பக்கத்திலிருந்து வந்தார்.

"சுண்ணாம்புத் தொட்டியிலே ஊறி மயிர் போன பிறகுதான் சார் தெரியும், உண்ணி கடிச்சிருக்கா, முள்கம்பி கிழிச்சிருக்கான்னு. பதம் போடறவன் எல்லாத் தோலுக்கும் ஒரே மாதிரிதான் பாடுபடறான். ஆனா விலை தழும்பைப் பார்த்துத்தான். நான் மூணாந் தரம்னு ஒதுக்கினா, அது தோலுக்குப் போட்ட மார்க்கு. அவனுக்குப் போட்டதில்லை."

நியாயமான பேச்சு. பதக்கப் பட்டியல் பொய் சொல்வதில்லை. அந்த ஒரு மத்தியானத்தின் தரத்தை அது சரியாகவே சொல்கிறது. நாம்தான் அதை எடுத்து ஒரு பெண்ணின் பதினைந்து ஆண்டுகள் மேல் முத்திரையாகக் குத்துகிறோம். ஆனாலும் நண்பரின் உவமை முழுக்கப் பொருந்தாது. தோலின் தழும்பு பதமிடுபவன் கைக்கு வருமுன்பே விழுந்தது. தீபிகாவின் ஆறும் ஏழும் அவர் விரலிலிருந்தே புறப்பட்டவை. அதை அவரும் அறிவார். அறிந்தும் மறுநாள் மைதானத்துக்குப் போகிறாரே, அதற்குத் தரம் பிரிக்க நம்மிடம் என்ன தராசு இருக்கிறது?

ஏகலைவனின் கட்டைவிரலைப் பற்றியும் பேச்சு வந்தது. இன்று ஒலிம்பிக்கில் நாணை இழுப்பது மற்ற மூன்று விரல்கள். கட்டைவிரலுக்கு அங்கே வேலையில்லை. துரோணர் கேட்டது வீணாயிற்று என்று சிரித்தேன். விரலுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு தோல் துண்டு உண்டு என்றதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன தோல்?"

"குதிரையின் பின்புறத் தோல் உசத்தி என்கிறார்கள்."

"அது நம்ம பக்கம் வராது. இங்கே ஆடு, மாடுதான்" என்றவர், வெள்ளாட்டுத் தோல் ஒன்றை விரலிடையில் மடித்து, இழுத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.