256 கட்டங்களுக்கா பயப்படுகிறாய்?

பிளாக்கை போரிங்குக்கு அனுப்பி வாங்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ரிங் கேப்பை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, ஹெட் போல்ட்டை வரிசை தவறாமல் டார்க் வைத்து இறுக்கியவன் நீ. பேரிங் கொஞ்சம் லூஸ் என்றால் கையில் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாய். அப்பேர்ப்பட்டவன், லேப்டாப்பைத் திறந்ததும் ஏன் இரண்டடி பின்னால் போகிறாய்? "ஈசிஎம் வேலையெல்லாம் நமக்கு வராதுங்கண்ணா" என்று யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?

எஞ்சினை ஆளும் அந்த ஈசிஎம் பெட்டிக்குள் மந்திரம் எதுவும் இல்லை தம்பி. இருப்பது கட்டம் போட்ட அட்டவணை. ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் மேனிஃபோல்டின் காற்றழுத்தம். பதினாறுக்குப் பதினாறு என்றால் 256 கட்டம், கட்டத்துக்கு ஓர் எண். அந்த வேகத்தில், அந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்று ஓர் அட்டவணை சொல்கிறது. பிளக் எத்தனை டிகிரி முன்னால் அடிக்க வேண்டும் என்று இன்னொன்று சொல்கிறது. சீக்வென்ஷியல் முறையில் 6000 ஆர்பிஎம்மில் ஓர் இன்ஜெக்டர் நொடிக்கு 50 முறை திறந்து மூடும். மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஓட்டத்தை ஓடப்போவது பெட்டி. நீ எண்ணை மட்டும் போட்டால் போதும், அதை நிதானமாகவே போடலாம்.

கம்பெனி எழுதி வைத்த எண்கள் கம்பெனி எஞ்சினுக்கானவை. நீயோ கேம் மாற்றிவிட்டாய், கம்ப்ரெஷனை ஏற்றிவிட்டாய், 200 சிசி இன்ஜெக்டர் இருந்த இடத்தில் 400 சிசி மாட்டிவிட்டாய். அதைப் பெட்டிக்குச் சொன்னாயா? சொல்லாவிட்டால் பழைய கணக்குப்படியே திறக்கும், இரண்டு மடங்கு பெட்ரோல் கொட்டும். அதிகமாகக் கொட்டிய பெட்ரோல் போர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவி இறக்கிவிடும். புது ரிங் படிவதற்கு முன்பே தேயும். நீ ராப்பகலாகப் பார்த்த எஞ்சின் வேலை சைலன்சர் வழியே புகையாய்ப் போகும். அப்போது பழி யார் தலையில் விழும்? "மெக்கானிக் சரியில்லை" என்பார்கள். கம்ப்யூட்டரை ஒருவரும் திட்ட மாட்டார்கள்!

அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலை உன்னுடையது. இதில் பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும். கம்ப்ரெஷன் நாலு சிலிண்டரிலும் ஒத்து வருகிறதா, ஃபியூயல் பிரஷர் நிற்கிறதா, எங்காவது காற்று இழுக்கிறதா என்று பார்ப்பது லேப்டாப்காரனா, நீயா? டைமிங்கை சாஃப்ட்வேரில் 10 டிகிரியில் நிறுத்திவிட்டு டைமிங் லைட்டை அடித்துப் பார். புல்லியின் கோடு அதே 10இல் நிற்க வேண்டும். அங்கே தவறினால் அட்டவணையில் உள்ள எல்லா எண்ணும் பொய்.

மீதிப் பாதிதான் கணக்கு. எக்ஸாஸ்ட்டில் வைட்பேண்ட் சென்சார் மாட்டு. அது லாம்டா காட்டும்: 1 என்றால் காற்றும் பெட்ரோலும் எரிவதற்குச் சரியான விகிதத்தில் இருக்கின்றன. பெட்ரோலுக்கு அந்த விகிதம் 14.7 என்று புத்தகத்தில் படித்திருப்பாய். நம் பெட்ரோல் பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5 பக்கம் இறங்கிவிடும். ஆகவே லாம்டாவைப் பிடித்துக்கொள், குழப்பம் வராது. ரன்னிங்-இன் முடிந்து வண்டியை ஒரு கியரில் இழுக்கிறாய். 4000 ஆர்பிஎம் கட்டத்தில் நீ எதிர்பார்த்தது 0.88, லாகில் பதிவானது 0.95. பெட்ரோல் போதவில்லை. 0.95ஐ 0.88ஆல் வகுத்தால் 1.08. அந்தக் கட்டத்தில் 75 இருந்தால் 81 என்று மாற்று. அவ்வளவுதான்! எட்டாம் வகுப்பில் போட்ட கணக்கு இது. இதற்கா இத்தனை நாள் ஒதுங்கி நின்றாய்?

இக்னிஷனில் மட்டும் வீரம் காட்டாதே. "இன்னும் ரெண்டு டிகிரி ஏத்துடா, பிக்கப் பிச்சுக்கும்" என்று தோளில் தட்டுகிற நண்பனைப் பட்டறைக்கு வெளியே நிறுத்து. டிகிரி ஏற ஏற டார்க் ஏறும், ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஏற்றினால் கிடைப்பது நாக்கிங்தான். டப்பாவில் போட்டுக் குலுக்கிய கூழாங்கல் போலச் சத்தம் கேட்டால் உடனே காலை எடு, டிகிரியைக் குறை. கேட்டும் மிதித்தால் பிஸ்டனில் ரிங்குக்கு இடைப்பட்ட விளிம்பு உடைந்து கையில் வரும். அளந்து பார்த்தவனுக்குத்தான் தைரியம் பேச உரிமை. எவனோ அனுப்பிய ஃபைலைக் காசு கொடுத்து வாங்கி, லாக் கூடப் பார்க்காமல் ஏற்றுவதற்குப் பெயர் தைரியமல்ல, சோம்பேறித்தனம்.

பழக எந்த எஞ்சின் வேண்டும் என்கிறாயா? கோவையில் எஸ். கரிவரதன் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரையே உருவாக்கினார். அந்தக் காரில் பழகியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். செட்டிபாளையம் டிராக் இன்றும் கரிவரதனின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் எடுத்தது ஊரே ஓட்டிய சின்ன எஞ்சின்தான்! அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

உனக்கும் அதே எஞ்சின் போதும். காயலான் கடையில் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான 800 எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடி, ஸ்டாண்டில் ஏற்று. ஸ்பீடுயினோ என்ற ஈசிஎம்மின் சர்க்யூட்டும் புரோகிராமும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஆர்டுயினோ போர்டில் ஓடுவது. கஸ்டமரின் ரோட்டு வண்டியில் கற்றுக்கொள்ளாதே. ஆர்சியில் உள்ளதை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. ஸ்டாண்டில் கற்றுக்கொள், டிராக்கில் காட்டு. எஞ்சினைக் கோத்துக் கொடுத்த கூலியோடு திருப்திப்பட்டு, ட்யூனிங் கூலியை அடுத்தவன் பாக்கெட்டுக்கு அனுப்பியது போதும். இனி இரண்டையும் நீயே வாங்கு!